சூறைக்கும் ஒரு கணக்கு வழக்கு: சென்னை கொடுத்ததும் எடுத்ததும்

புனித ஜார்ஜ் கோட்டையில் தலைமைச் செயலகத்தின் முகப்பைத் தாங்கி நிற்கும் கறுப்புத் தூண்கள் ஒரு தடவை புதுச்சேரி போய்த் திரும்பியவை. பல்லாவரம் பக்கத்துக் கருங்கல்லில் செதுக்கி, 1730-களில் கோட்டையின் கடல்வாசல் பக்கம் நடைமண்டபமாக நிறுத்தியிருந்தார்கள். 1746-ல் பிரெஞ்சுப் படை சென்னையைப் பிடித்ததும் அவற்றைக் கழற்றிக் கப்பலேற்றிவிட்டது. 1761-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது திருப்பி எடுத்துவந்தார்கள். கல்தூணைக்கூடவா விடவில்லை என்று கேட்கத் தோன்றும். பணமும் பண்டமும் போன பிறகுதான் தூணுக்கு முறை வந்திருக்கும் என்று யோசித்தால், அந்தக் காலத்தில் ஒரு நகரம் பிடிபடுவது என்றால் என்ன என்பது கொஞ்சம் பிடிபடும்.

சரித்திரப் படங்களில் கோட்டைக் கதவு உடைந்ததும் வீரர்கள் கண்மண் தெரியாமல் உள்ளே பாய்வார்கள். பார்க்கிறவர்களுக்குச் சூறையாடல் என்பது தளபதியின் பிடி தளர்ந்தபோது நடந்துவிடுகிற அசம்பாவிதம் போலத் தெரியும். பதிவுகளைப் படித்தால் வேறு மாதிரி இருக்கிறது. பெரும்பாலான இடங்களில் சூறை என்பது போர்ச்செலவை ஈடுகட்டும் வழி. அதற்கு வழக்கம் இருந்தது, பங்கு விகிதம் இருந்தது, கையெழுத்துப் போட்ட காகிதம் இருந்தது. வீடு புகுந்து கொன்றதும் பெண்களைச் சீரழித்ததும் நடக்கவில்லை என்று சொல்லவரவில்லை. அவை நடப்பதற்கான அனுமதி பெரும்பாலும் மேலிருந்தே வந்தது என்கிறேன். இதைப் புரிந்துகொள்ளச் சென்னைக்காரர்களுக்கு உள்ளூரிலேயே போதுமான சரக்கு இருக்கிறது. 1746-க்கும் 1799-க்கும் இடையில் இந்த ஊர் விலைபேசப்பட்டிருக்கிறது, கொள்ளை போயிருக்கிறது, அடுத்தவர் ஊரைக் கொள்ளையடிக்கக் கப்பலும் அனுப்பியிருக்கிறது.

முதலில் வழக்கம் என்ன என்று பார்த்துவிடலாம். ஐரோப்பியப் படைகளிடம் எழுதாச் சட்டம் ஒன்று இருந்தது. முற்றுகையிட்டவர் ஊரைச் சரணடையும்படி முறைப்படி அழைப்பார். மதில் உடையும் முன்பே ஊர் பணிந்துவிட்டால் நிபந்தனை பேசலாம். உயிருக்கும் உடைமைக்கும் உத்தரவாதம் கிடைக்கும். மதிலில் பிளவு விழுந்த பிறகும் பணியாமல், படை ஏறிப் பிடிக்கவேண்டி வந்தால், அந்த ஊருக்குக் கேட்க உரிமை எதுவும் கிடையாது. காரணம் எளிது. பிளவு வழியாக முதலில் ஏறுகிறவன் பிழைத்து வருவது அபூர்வம். அவனை ஏறவைக்க ஏதாவது கொடுக்கவேண்டும். கொடுப்பதற்குத் தளபதியின் கையில் இருந்தது எதிரியின் ஊர்தான். தவிர, ஓர் ஊருக்கு நேர்ந்ததைக் கேட்டு அடுத்த ஊர் சீக்கிரம் கதவைத் திறந்துவிடும் என்ற கணக்கும் உண்டு.

1812 ஏப்ரலில் ஸ்பெயினின் படஹோஸ் நகரை வெலிங்டனின் படை ஏறிப் பிடித்தது. உள்ளே காவலுக்கு இருந்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். குடியிருந்தவர்கள் ஸ்பானியர்கள், அதாவது ஆங்கிலேயரின் கூட்டாளிகள். அது அவர்களைக் காப்பாற்றவில்லை. கொலை, கற்பழிப்பு, கொள்ளை என்று மூன்று நாள் ஊர் சீரழிந்தது.

இன்னொரு காரணம் சம்பள பாக்கி. 1527-ல் ரோம் நகரைச் சூறையாடிய படை பேரரசர் ஐந்தாம் சார்லஸுடையது. பல மாதமாகக் கூலி காணாத கூட்டம். 1576-ல் ஆன்ட்வெர்ப்பிலும் அதே கதைதான். முந்தைய ஆண்டு ஸ்பெயின் மன்னர் கடனைக் கட்டமுடியாமல் கைவிரித்திருந்தார்; சிப்பாய்கள் சம்பளத்தை ஊரிடமே வசூலித்துக்கொண்டார்கள். இந்த வசூலில் ஒரு பெரிய ஓட்டை உண்டு: தீ. 1631-ல் ஜெர்மனியின் மாக்டெபர்க்கில் சுமார் 20,000 பேர் இறந்தார்கள், ஊரும் எரிந்து போனது. கொள்ளையடிக்க வந்தவர்களுக்கே மிச்சம் பெரிதாக இல்லை. வென்றவர்களில் கொஞ்சம் கணக்குத் தெரிந்தவர்கள் இதனாலேயே வேறு வழியை விரும்பினார்கள். ஊரை அப்படியே விட்டுவைத்து, விட்டுவைத்ததற்கு விலை வாங்குவது. மீட்புப் பணம்.

1746-ல் சென்னைக்கு நடந்தது இதுதான். லா பூர்தொனே என்ற பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் செப்டம்பரில் கப்பல்களோடு வந்து குண்டு வீசினார். கோட்டைக்குள் இருந்த காவல்படை சொற்பம். சில நாட்களில் ஆளுநர் நிக்கோலஸ் மோர்ஸ் சரணடைந்தார். அப்புறம் தொடங்கியது பேரம். 11 லட்சம் வராகன் கொடுத்தால் ஊரைத் திருப்பித் தந்துவிட்டுப் போகிறேன் என்றார் லா பூர்தொனே. வராகன் ஒன்றுக்கு ஏறக்குறைய மூன்றரை ரூபாய். அந்தக் காலத்து ரூபாய். கையில் அவ்வளவு ரொக்கம் யாரிடம் இருக்கும்? பிறகு பணம் தருவதாக எழுதிக்கொடுக்கும் உண்டியல் சீட்டும் பிணையாட்களும் என்று பேச்சு போனது.

அவருக்கு அவசரம் இருந்தது. சென்னைக்கு அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில்தான் நங்கூரம் போடவேண்டும். அக்டோபர் பாதிக்குமேல் நின்றால் என்ன ஆகும் என்று இந்த ஊர் மீனவப் பிள்ளைகளுக்கும் தெரியும். பேரத்தின் கெடுவைத் தீர்மானித்தது வடகிழக்குப் பருவமழை. மறுபக்கம் புதுச்சேரி ஆளுநர் டூப்ளே ஒத்துழைக்கவில்லை. சென்னையைத் திருப்பிக் கொடுப்பதில் அவருக்கு விருப்பமே இல்லை. இருவரும் கடிதத்திலேயே சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, அக்டோபர் 13 இரவு புயல் அடித்தது. கப்பல்கள் சில மூழ்கின, சில பாய்மரம் இழந்தன. லா பூர்தொனே மிஞ்சியதைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். பிரான்சில் அவருக்குக் கிடைத்தது பஸ்டீல் சிறை. தனக்கென்று தனியாகப் பணம் வாங்கினார் என்பதும் குற்றச்சாட்டுகளில் ஒன்று. 1751-ல் விடுதலையானார், இரண்டு ஆண்டில் இறந்துபோனார்.

டூப்ளே ஒப்பந்தத்தைச் செல்லாது என்று அறிவித்துவிட்டு ஊரின் சரக்கை எடுத்துக்கொண்டார். மோர்ஸையும் மற்ற ஆங்கிலேயர்களையும் புதுச்சேரித் தெருக்களில் ஊர்வலமாக நடத்திக் காட்டினார்கள். மாறுவேடத்தில் கடலூருக்குத் தப்பிய சில இளைஞர்களில் ராபர்ட் கிளைவும் ஒருவர். அர்மீனிய வியாபாரி பெட்ரூஸ் உஸ்கான், சைதாப்பேட்டையில் அடையாற்றுக்குப் பாலம் கட்டிக்கொடுத்தவர், பிரெஞ்சுப் பக்கம் சாய மறுத்ததால் கோட்டைக்குள் இருந்த சொத்தைப் பறிகொடுத்தார். சென்னை வியாபாரிகளைப் புதுச்சேரிக்கு இழுத்துவிட டூப்ளே எவ்வளவோ பாடுபட்டார். இது நுட்பமான கொள்ளை. சரக்கு ஒரு தடவைதான் கிடைக்கும், வியாபாரி கிடைத்தால் வருடா வருடம் வரும். இந்த நாட்களைத் தமிழில் உட்கார்ந்து எழுதிவைத்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. பெரம்பூரில் பிறந்து டூப்ளேயின் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளரும் வியாபாரத் தரகரும் ஆனவர். யார் யாரிடம் என்ன பறிமுதலானது, யார் யாருக்குச் சிபாரிசு செய்தார் என்பதெல்லாம் அவருடைய நாட்குறிப்பில் வருகிறது. வேறெந்த இந்திய நகரத்தின் வீழ்ச்சிக்கும் உள்ளூர் ஆள் ஒருவர் இத்தனை நெருக்கமாகக் கணக்கு எழுதிவைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

1749-ல் சமாதான உடன்படிக்கைப்படி சென்னை ஆங்கிலேயருக்கே திரும்பியது. பதிலுக்குப் பிரான்சுக்குக் கிடைத்தது கனடாப் பக்கம் இருந்த லூயிபர்க் கோட்டை. வங்கக்கடல் ஊருக்கு அட்லாண்டிக் கோட்டை ஈடு!

அடுத்த முறை பேரமெல்லாம் இல்லை. 1758-ல் வந்த பிரெஞ்சுத் தளபதி லாலியிடம் காசில்லை. படைக்குப் பல மாதச் சம்பள பாக்கி. அந்த ஆண்டு நடுவில் தஞ்சை மன்னரிடம் 56 லட்சம் ரூபாய்ப் பழைய கடன் பத்திரம் ஒன்றைக் காட்டிப் பணம் கறக்கப் போனார். போகிற வழியில் நாகூர். அங்கிருந்த வியாபாரிகள் நல்ல சரக்கை முன்பே ஒதுக்கிவிட்டிருந்ததால், மிச்சமிருந்ததைக் கொள்ளையிடும் உரிமையைத் தன் குதிரைப்படை அதிகாரி ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டார். மாந்தோப்பைக் குத்தகைக்கு விடுவது போல ஒரு துறைமுகத்தை விட்டிருக்கிறார். தஞ்சையில் ஒன்றும் பெயரவில்லை. வெறுங்கையோடு திரும்பிய படைதான் டிசம்பர் 14 அன்று, கோட்டைக்கு வெளியே உள்ளூர் மக்கள் குடியிருந்த சென்னைக் கறுப்பர் பட்டணத்துக்குள் நுழைந்தது.

கறுப்பர் பட்டணத்தை இரண்டாகப் புரிந்துகொள்ளவேண்டும். இன்று உயர் நீதிமன்றம் நிற்கும் இடத்தில், கோட்டை மதிலை ஒட்டி இருந்தது பழைய பட்டணம். அதில் பெரும்பகுதி 1746-க்குப் பிறகு பிரெஞ்சுக்காரர்கள் கையால் இடிபட்டிருந்தது. மக்கள் வடக்கே முத்தியால்பேட்டை, பெத்தநாயக்கன்பேட்டை பக்கம் நெருக்கியடித்துக் குடியேறியிருந்தார்கள். லாலியின் சிப்பாய்கள் புகுந்தது இந்தப் பேட்டைகளில். கோட்டைக்குள் இருந்தவர்களுக்கு மதிலும் பீரங்கியும் இருந்தன. பேட்டைக்காரர்களுக்கு வாசல் திண்ணைதான் காவல். வீடுகள் உடைபட்டன, சாராயக் கிடங்கு கண்ணில் பட்டது, படை தள்ளாடியது. இதைக் கேள்விப்பட்டு கோட்டையிலிருந்து கர்னல் வில்லியம் டிரேப்பர் ஒரு படையோடு வெளியே பாய்ந்தார். தெருச்சண்டையில் இரு பக்கமும் பலத்த சேதம். பிரெஞ்சுப் பிரபு தெஸ்தேங் பிடிபட்டார். டிரேப்பர் கோட்டைக்குள் திரும்பவேண்டி வந்தது. அந்தப் பெயரை நினைவில் வையுங்கள்.

கொள்ளையால் லாலிக்கு என்ன லாபம்? ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். எடுத்தவன் மடியில் கட்டிக்கொண்டான். படையின் பெட்டிக்கு வந்தது சொற்பம். முறைப்படி கப்பம் பேசியிருந்தால் முற்றுகையை நடத்தவாவது காசு கிடைத்திருக்கும். இரண்டு மாதம் குண்டு போட்டுவிட்டு, 1759 பிப்ரவரி நடுவில் ஆங்கிலக் கப்பல்கள் கண்ணில் பட்டதும் கிளம்பிவிட்டார். 1766-ல் பாரிஸில் அவருடைய தலையை வெட்டினார்கள்.

இந்தப் பயம் சென்னையின் வரைபடத்தையே மாற்றியது. எதிரி மறைந்துகொள்ளக்கூடாது என்று ஆங்கிலேயர் பழைய பட்டணத்தின் மிச்சத்தையும் இடித்துத் துப்பாக்கி வீச்சுக்குத் திறந்தவெளி ஆக்கினார்கள். அங்கே இருந்த சென்னகேசவப் பெருமாள் கோயிலும் போனது. மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் முன்னின்று பூக்கடைப் பக்கம் தேவராஜ முதலித் தெருவில் புதிதாக எழுப்பியதுதான் இன்றைய பட்டணம் கோயில். திறந்தவெளிக்கு எல்லை குறித்து 1773-ல் நட்ட தூண்களில் ஒன்று இன்னும் பாரிமுனையில் நிற்கிறது. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. இதற்கிடையில் 1767-ல் மைசூர்க் குதிரைப்படை நகர எல்லைத் தோட்ட வீடுகள்வரை வந்து கொள்ளையடித்துப் போனது. 1769-ல் ஹைதர் அலியே பரங்கிமலைப் பக்கம் வந்து நின்றார். அதற்குப் பிறகுதான் பேட்டைகளைச் சுற்றி மதில் எழுந்தது. அதன் செலவுக்கு யோசித்த வரியின் பெயர்தான் வால்டாக்ஸ் ரோட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வரி வசூலாகவில்லை, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. மதிலின் ஒரு துண்டு மாடிப் பூங்காவாக இருக்கிறது.

இனி மறுபக்கம். 1761 ஜனவரியில் புதுச்சேரி சரணடைந்தது. உள்ளே பட்டினி, வெளியே அயர் கூட் என்ற ஆங்கிலத் தளபதியின் படை. பிடித்த ஊர் யாருக்கு என்று உடனே தகராறு. அரசரின் படை பிடித்தது, அரசருக்கே என்றார்கள் படைத்தலைவர்கள். சென்னை ஆளுநர் பிகட், கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுக்காவிட்டால் படைக்குச் சம்பளப்பணம் தரமாட்டேன் என்றார். கொடுத்துவிட்டார்கள். பிகட் அந்த ஊரைத் தரைமட்டமாக்கச் சொன்னார். கடலூர் அருகே ஆங்கிலேயரிடம் இருந்த புனித டேவிட் கோட்டையை லாலி இடித்ததற்குப் பதிலடி. கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி ஆலயத்தின் கடைசி இராவுணவு ஓவியமும் அப்போது புதுச்சேரியிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். (புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் தூண்கள் செஞ்சியிலிருந்து போனவை. தமிழ்நாட்டில் தூண்களுக்குக் கால் முளைத்த காலம் அது.)

அடுத்த ஆண்டு, 1762 ஆகஸ்டில், சென்னைக் கடற்கரையிலிருந்து ஒரு கப்பல்படை கிழக்கே கிளம்பியது. தலைவர் அதே டிரேப்பர். அவருடைய வெள்ளைக்காரப் பட்டாளம், கடற்படையினர், சென்னைச் சிப்பாய்கள், பிரெஞ்சுப் படையிலிருந்து ஓடிவந்தவர்கள் என்று கலவையான கூட்டம். குறி, ஸ்பெயினிடம் இருந்த மணிலா. போர் அறிவிக்கப்பட்ட செய்தியே அங்கே போய்ச் சேரவில்லை. அக்டோபர் 6-ல் மதிலைப் பிளந்து ஏறினார்கள். அப்புறம் ஒரு நாளுக்கும் மேலாக ஊரைச் சூறையாடவிட்டார்கள். வீடு, மடம், தேவாலயம் எதுவும் தப்பவில்லை. அது அடங்கிய பிறகு, மேற்கொண்டு சூறையாடாமல் இருக்க 40 லட்சம் ஸ்பானிய வெள்ளி என்று ஒப்பந்தம். பாதி ரொக்கம், பாதி ஸ்பெயின் அரசுக் கருவூலத்தின் பேரில் சீட்டு. கறுப்பர் பட்டணத்துச் சூறையைக் கண்ணால் பார்த்தவர், நாலு வருடத்தில் சூறையையும் மீட்புப் பணத்தையும் ஒரே ஊரில் ஒன்றன்பின் ஒன்றாக வசூலித்தார்! ஸ்பெயின் அந்தச் சீட்டை மதிக்கவில்லை, மீதிப் பணம் வரவே இல்லை. 1764-ல் ஆங்கிலேயர் வெளியேறியபோது சிப்பாய்கள் சிலர் திரும்பவில்லை. மணிலாவுக்கு அருகே கைந்தா என்ற ஊரில் தங்கி அங்கேயே பெண் கட்டினார்கள். அவர்களுடைய வழிவந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் குடும்பங்கள் இன்றும் அங்கே உண்டு.

பிணையாள் பழக்கத்தைப் பார்க்கவேண்டும் என்றால் கோட்டை அருங்காட்சியகத்துக்குப் போகலாம். அங்கே நிற்கும், கவர்னர் ஜெனரலாக இருந்த காரன்வாலிஸ் சிலையின் பீடத்தில் ஒரு புடைப்புச் சிற்பம். திப்பு சுல்தானின் இரண்டு சிறு பிள்ளைகள் காரன்வாலிஸிடம் ஒப்படைக்கப்படுகிறார்கள். 1792 உடன்படிக்கைப்படி திப்பு பாதி நாட்டையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் கொடுக்கவேண்டும். பணம் முழுதாக வரும்வரை பிள்ளைகள் பிணை. சிற்பத்தில் பெரியவர் பிள்ளைகளைக் கனிவோடு வரவேற்கிறார். கடன் பத்திரத்துக்கு இத்தனை அழகான பளிங்குச் சிற்பம் வேறெங்கும் கிடைக்காது.

ஏழு ஆண்டு கழித்து ஸ்ரீரங்கப்பட்டணம். 1799 மே 4, ஜெனரல் ஹாரிஸின் படை மதிலேறியது, திப்பு இறந்தார், இரவெல்லாம் கொள்ளை. மறுநாள் ஊரின் பொறுப்பை ஏற்ற ஆர்தர் வெல்லெஸ்லி நாலு பேரைத் தூக்கில் போட்டு, பலரைச் சவுக்கால் அடித்து ஒழுங்குக்குக் கொண்டுவந்தார். பின்னாளில் வெலிங்டன் பிரபு ஆனவர் இவரேதான்; படஹோஸில் மூன்று நாள் ஊர் சீரழிந்தபோது தளபதியாக இருந்தவர். சூறையை நிறுத்த முடியாது என்பதல்ல, எப்போது நிறுத்துவது என்பதே கேள்வி.

கட்டுப்பாடு வந்ததும் அதிகாரபூர்வக் கொள்ளை தொடங்கியது. ‘பிரைஸ் கமிட்டி’ என்று ஒரு குழு. அரண்மனைப் பெட்டகங்களை எண்ணி, மதிப்புப் போட்டு, பதவி வாரியாகப் பங்கிட்டார்கள். தளபதி ஹாரிஸுக்கு ஒரு லட்சம் பவுனுக்குமேல். வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு ஒற்றை இலக்கப் பவுன். நம் ஊர்ச் சிப்பாய்க்கு அதிலும் குறைவு. திப்புவின் தங்கச் சிம்மாசனத்தைப் பங்கு போடுவதற்காக உடைத்துவிட்டார்கள். வெள்ளைக்காரனைக் கடித்துக் குதறும் மரப்புலி லண்டன் போனது. அந்த வெற்றிக்கும் பிளாசி வெற்றிக்கும் நினைவாகச் சென்னையில் எழுந்த விருந்து மண்டபம்தான் இன்றைய ராஜாஜி ஹால்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம் என்று தள்ளிவிடவும் வழியில்லை. பகைவர் நாட்டைக் கொள்ளையிட்டு எரிப்பதைப் பாட மழபுலவஞ்சி என்று ஒரு துறையே நம் புறப்பாட்டு மரபில் உண்டு. சாளுக்கியரின் கல்யாணபுரத்தை எரித்த ராஜாதிராஜ சோழன் அங்கிருந்து தூக்கிவந்த துவாரபாலகர் சிலை தஞ்சைக் கலைக்கூடத்தில் இருக்கிறது. இன்ன ஊரை எறிந்து கொண்டுவந்தது என்று அதன் பீடத்திலேயே தமிழில் வெட்டியிருக்கிறார்கள். ஒளிவுமறைவே கிடையாது. 13-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அதே தஞ்சையையும் உறையூரையும் மாறவர்மன் சுந்தரபாண்டியன் எரித்தான். பட்டினப்பாலைப் புலவருக்குப் பரிசாகக் கொடுத்த பதினாறுகால் மண்டபத்தை மட்டும் விட்டுவைத்தான் என்கிறது திருவெள்ளறைக் கல்வெட்டு. மாலிக் காபூர் 1311-ல் மதுரைக்கு வந்து செய்ததைக் கொள்ளை என்று படிக்கிறோம். கடாரம் கொண்டதைப் பெருமை என்று படிக்கிறோம். கடாரத்துக்காரர்களிடம் யாரும் கேட்டதில்லை.

விதிவிலக்கு ஒன்று சென்னைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 642-ல் பல்லவர்கள் சாளுக்கியரின் தலைநகர் வாதாபியை அழித்தார்கள். சுமார் நூறு ஆண்டு கழித்துச் சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சிபுரத்தைப் பிடித்தான். பழிவாங்க எல்லாக் காரணமும் இருந்தது. ஊரை அழிக்காமல், கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்ததாக அங்கேயே கன்னடத்தில் கல்வெட்டு வைத்துவிட்டுப் போனான். எடுக்காமல் விட்டதைக் கல்லில் வெட்டத் தோன்றியிருக்கிறது என்றால், எடுப்பது எவ்வளவு வாடிக்கை என்று பாருங்கள்.

சட்டம் மெதுவாகத்தான் வந்தது. 1863-ல் அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது ஒன்றியப் படைக்கு எழுதிய லீபர் விதிகள் சூறையைத் தடுத்தன. 1899-லும் 1907-லும் ஹேக் உடன்படிக்கைகள் ஒரு படி மேலே போய், தாக்கி ஏறிப் பிடித்த ஊராக இருந்தாலும் சூறையாடக்கூடாது என்றன. மதில் உடைந்தால் ஊர் நமக்கு என்ற பழைய வழக்கத்தைக் குறிவைத்து எழுதிய வரி அது. 1949 ஜெனீவா உடன்படிக்கை அதையே இன்னும் சுருக்கமாகச் சொன்னது. 1998-ன் ரோம் சட்டம் போர்க்குற்றம் என்றது. தடை என்பது தேதியிலிருந்து முன்னோக்கித்தான் ஓடும், பின்னோக்கி அல்ல. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தாக்குதலை முன்னின்று நடத்திய ஜெனரல் பெயர்டுக்குப் படை பரிசாகக் கொடுத்த, திப்புவின் படுக்கையறை வாள் 2023 மே மாதம் லண்டனில் ஏலத்துக்கு வந்தது. 1799-ன் வழக்கப்படி அது முறையாகக் கைமாறிய பொருள். ஒரு கோடியே 40 லட்சம் பவுனுக்குப் போனது.